நனைந்த துணியின் எடை

மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், அழுக்குத் துணி அறையில் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் மூட்டையாக வரும். அதை எடை போட்டு, துவைக்கும் கம்பெனியின் லோரியில் ஏற்ற வேண்டும். கம்பெனிக்கு ஆஸ்பத்திரி கிலோ கணக்கில் பணம் கட்டும். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். புத்தகத்தில் எடையை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

கம்பெனியின் மேஸ்திரியை மண்டோர் என்போம். அவன், நிறுப்பதற்கு முன் மூட்டைக்குள் ரப்பர் குழாயை விட்டுத் தண்ணீர் அடிப்பான். என்னோடு வேலை பார்த்த, பந்திங்கிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, "இது திருட்டு இல்லையா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அதே குழாயால் அவள் முதுகில் விளாசினான். சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. "இன்னும் கேள்வி இருக்கா?" என்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

ஆடிட் வருகிறது என்று தெரிந்த காலையில் என் பிடரியைப் பிடித்துத் தராசு இரும்பில் முகத்தை அழுத்தினான். பல் உதட்டில் குத்தியது.

"புக்குல யாரு சைன், கெழவி? ஒன்னோடது. வாயத் தொறந்தே, ஜெயிலுக்குப் போறது நீதான் லா."

பொய் எடை ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்துத்தான் இருந்தது.

ஆடிட்டுக்கு வந்தவள் மலாய்க்காரர் உடையான பாஜு குரோங் போட்ட நம் தமிழ்ப் பெண். மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"போர்வை இவ்ளோ கனமா, ஆன்டி?"

"மழை, மேடம்" என்றான் மண்டோர்.

"ரூமுக்குள்ளேயா பெய்யுது, பாஸ்?"

புது ஆளிடம் எனக்கு வாய் வராது. மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை உருவி, இரண்டு கையாலும் பிழிந்தேன். தண்ணீர் அவள் காலில் போட்டிருந்த சப்பாத்தில் கொட்டியது. இன்னொன்றை எடுத்துப் பிழிந்தேன்.

"அடி நாயே!"

இரும்புத் தள்ளுவண்டியை என்மேல் உதைத்தான். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் என் வலது கை. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. மறுபடியும் உதைத்தான். குறுக்கே வந்த அந்தப் பெண்ணைத் தரையில் தள்ளினான். காவலாளிகள் இரண்டு பேர் மேலே விழுந்து அமுக்கிய பிறகும் காலை உதறிக்கொண்டே இருந்தான்.

எனக்குக் கட்டுப் போட்டதும் அந்தப் பெண் ஃபைலோடு கட்டிலருகே வந்தாள். அவள் நெற்றி வீங்கியிருந்தது. கேட்டுக் கேட்டு எழுதினாள். திருப்பி வாசித்துக் காட்டினாள்.

"பொய் எடைய எழுதுனது நீங்கதான்னும் இதுல இருக்கு, ஆன்டி."

"எனக்கு ஜெயிலாம்மா?"

"தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

விரல் பதிக்க மையை நீட்டினாள்.

"கைநாட்டு வேணாம்மா" என்று பேனாவை இடது கையில் வாங்கினேன். எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடியது. தாள் நகராமல் அவள் பிடித்துக்கொண்டாள்.