இடது தோள், ஓர் அங்குலம்

நாடகக் குழுவில் உடை தைக்கும் பெண்ணை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். தூக்கத்தில்கூட அவள் கை சரியாக வெட்டும் என்பார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். பாழாய்ப்போன அந்தக் கைதான் குடியைக் கெடுத்தது.

குழுவுக்கு வருமுன் ஏழு வருடம் ஒரு பெரிய தையல் கடையில் அமைச்சருக்குக் கோட்டு தைத்தவள் அவள். அவருக்கு இடது தோள் ஓர் அங்குலம் இறக்கம். ஊருக்கே தெரியும், வாய் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. இப்போது கேலி நாடகம் ஒன்றில் அமைச்சர் வேஷம் அவளுடைய சொந்தத் தம்பிக்கு. நிஜ ஆள் யாருடைய சாயலும் வந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத்தான் உடையை யோசித்தாள். தொப்பைக்குத் தலையணை, முழங்கால் வரை தொங்கும் டை, மார்பு நிறைய சோடா மூடிப் பதக்கம். கோட்டை மட்டும் பேச்சு சுவாரஸ்யத்தில் வெட்டினாள். கை தன் பாட்டுக்கு இடது தோளை ஓர் அங்குலம் இறக்கிவிட்டது.

முதல் காட்சியில் தம்பி மேடையேறியதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோட்டு இழுத்த இழுப்பில் அவன் தோள் மெல்லச் சாய்ந்தது. முன்வரிசையில் சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு அடுத்த வரிசையில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை தையல் அறைக்கு ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் உட்கார்ந்தார். கோட்டை மேசையில் விரித்து, இது யார் அளவு என்று கேட்டார். தம்பி அளவுதான், பிறவியிலேயே அவனுக்குத் தோள் இறக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அளந்து காட்டச் சொன்னார். டேப்பை எடுத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி நடிகனாயிற்றே, அக்கா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தோளைத் தொங்கவிட்டு நின்றான்.

"பிறவிக் கோளாறுன்னா எப்பவும் இருக்கும்ல? நாங்களும் பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் அதிகாரி.

சொன்ன சொல் தவறவில்லை. எதிர்க் கடை வாசலில் தினமும் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தம்பி பால் வாங்கப் போனாலும் சாய்ந்தே போனான், பேருந்தைப் பிடிக்க ஓடினாலும் சாய்ந்தே ஓடினான். நல்ல வேஷம் கொடுத்தாய், கழற்றவே முடியவில்லை என்று கிண்டலடித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

எட்டு மாதம் கழித்து எதிர்க் கடை வாசல் காலியானது. அன்றே தம்பிக்குப் புதுச் சட்டை தைக்க ஆசையாக டேப்பை எடுத்தாள். இருந்தாலும் கதவைச் சாத்தினாள், திரையையும் இழுத்துவிட்டாள்.

"யாரும் இல்லடா. தோளை ஏத்தி நேரா நில்லு."

"நேராத்தானேக்கா நிக்கிறேன்."