தேதிக்காரர்

“காலாவதி தேதி இல்லம்மா. அது எப்போ சாகும்னு சொல்லுது. எப்போ பொறந்துச்சுன்னு நான் கேக்கறேன்.”

காப்பிக்கொட்டைக் கடையில் என் அத்தான் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்லாவில் இருக்கும் பெண் வேலைக்குப் புதிது. உள்ளேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்து, “தேதிக்காரரா? இந்த வாரம் வறுத்ததைக் குடும்மா” என்கிறார். என் அக்காள் கணவருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் கிடைத்ததில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் நிற்கும். அந்தத் தடித்த விரல்களால் பையை மெல்ல அழுத்தி, அதிலுள்ள சின்னத் துவாரத்தில் வரும் காற்றை முகர்வார். உள்ளே கொட்டை பளபளவென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். “எண்ணெய் வழியற மூஞ்சிய நம்பினாலும் நம்பலாம் மாப்ள, எண்ணெய் வழியற கொட்டைய நம்பக்கூடாது. மெஷின் தொண்டைய அடச்சிரும்.”

சம்பளம் வந்த அன்றுகூட கால் கிலோவுக்கு மேல் வாங்கமாட்டார். வாங்கியதை உடனே குடிக்கவும் விடமாட்டார். “வறுபட்ட களைப்பு போகணும்ல?” என்பார். ஒரு வாரமாவது அது அலமாரியின் இருட்டு மூலையில், அடுப்புச் சூடு எட்டாத இடத்தில் ஓய்வெடுக்கும். மாடியில் குடியிருக்கும் நான் ஒருமுறை அவசரப்பட்டு, புதுக் கொட்டையை அரைத்து அவருடைய எஸ்பிரெஸோ மெஷினில் போட்டேன். கோப்பையில் முக்கால்வாசி நுரை. அத்தான் எட்டிப் பார்த்து, “ஷேவிங் பண்ணிக்கோ” என்றார்.

இத்தனை பாடும் என் அக்காவுக்காக. அவள் வங்கியில் பணம் வாங்கும் கவுண்டரில் இருப்பவள். கள்ள நோட்டைப் பிடிப்பது போலவே பழைய கொட்டையையும் பிடித்துவிடுவாள். ஒரு வாய் குடித்ததும் தீர்ப்பு வந்துவிடும். கசக்கிறது என்றால் அத்தான் அரைக்கும் மெஷினின் வளையத்தை ஒரு பல் தளர்த்துவார்; புளிக்கிறது என்றால் ஒரு பல் இறுக்குவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கோப்பையையாவது அவள் பாராட்டி யாரும் கேட்டதில்லை. அவருக்கு அதில்தான் பெருமை. “உங்கக்கா நாக்குக்கு முன்னாடி கடைக்காரரே கைகட்டி நிக்கணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

போன வருஷம் வந்த ஒரு காய்ச்சல் அந்த நாக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் மணமும் ருசியும் திரும்பவில்லை. முதல்முறையாக அக்கா, “நல்லா இருக்குங்க” என்றாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

காய்ச்சலுக்கு முந்தைய வாரம் அவளே கடைக்குப் போய், ஒவ்வொன்றாக முகர்ந்து ஒரு சரக்கைப் பொறுக்கி வாங்கியிருந்தாள். அந்தச் சரக்கு இனி வராது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அத்தான் அதை ஒரு கோப்பைக்கு ஒரு பொட்டலமாக நிறுத்து, காற்றை ஒட்டப் பிழிந்து மூடி, ஃப்ரீசரில் அடுக்கினார். “மீனும் காப்பியும் ஒரே ரூம்ல தங்கக்கூடாது” என்று மீனை என் வீட்டுக்கு நாடு கடத்தினார்.

“இதுக்குள்ள வச்சா வயசு நின்னுடும் மாப்ள. அவ நாக்கு திரும்பி வர்றப்ப இதுவும் அப்படியே இருக்கணும்.”

அவ்வப்போது ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைப்பார். குளிர் தானாக விடும்வரை தொடக்கூட விடமாட்டார். சில்லென்று பிரித்தால் கொட்டை வேர்த்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் அக்கா குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, “நல்லா இருக்கு” என்பாள். பாவம், அவர் மனசு நோகக்கூடாதே என்றுதான். அவர் தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். அன்றைக்கு ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் அவரிடம் திட்டு வாங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கீழே இறங்கிப் போனபோது இரண்டு பொட்டலம்தான் மிச்சம் இருந்தது. ஒன்றை அரைத்துப் போட்டுக் கொண்டுவந்தார். அக்கா ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் சுளித்தது.

“என்னங்க இது, புளிக்குது?”

அத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். “திரும்பச் சொல்லு.”

“புளிக்குதுங்க. அரைவையில கோட்டை விட்டுட்டீங்க.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து மறுபடி முகர்ந்தாள்.

“கேட்டியா மாப்ள? உங்கக்கா என்ன சொல்றா கேட்டியா?” என்றார் அத்தான்.

எழுந்து போய் வளையத்தை ஒரு பல் இறுக்கினார். பிறகு ஃப்ரீசரைத் திறந்து, கடைசிப் பொட்டலத்தை எடுத்தார். மேஜைமேல் வைக்கவில்லை. சீக்கிரம் குளிர் விடட்டும் என்று சட்டைப்பைக்குள் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.