அம்மா பக்கத்து ஏர்பேக்

தெருவில் யாராவது கார் கதவைச் சாத்தினால் எனக்கு இன்னும் எங்கள் பழைய வெள்ளைக் கார்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தது. வாங்கிய அன்று திருப்பரங்குன்றத்தில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக் கிளம்பியபோது, அம்மா முன்சீட்டில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அது அம்மாவின் சீட்.

வண்டிகளை எடைபோட அப்பாவுக்கு ஒரு வழி இருந்தது. ஷோரூமில் கண்ணை மூடிக்கொண்டு கதவைச் சாத்துவார். டொப் என்று கேட்டால் நல்ல கம்பெனி, டங் என்று கேட்டால் தகரம். சிம்மக்கல்லில் மொத்தக்கடை வைத்திருக்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, வேறு கம்பெனி வண்டி வாங்குவதாக இருந்தார். அப்பா அவரை வரவழைத்து, எங்கள் கதவை ஐந்து முறை சாத்திக் காட்டினார். "இம்புட்டு கனமான கதவை வேற எவன் குடுக்குறான் மாப்ள?" மாமாவும் அதே வண்டியைச் சிவப்பில் வாங்கினார்.

நான் பொறியியல் முடித்து, ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தபோது, வண்டியை மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. உடனே ஓர் அட்டவணை போட்டேன். ஐந்து கம்பெனிகள். எத்தனை ரீகால், எந்தப் பாகத்துக்கு, குறை தெரிந்து எத்தனை நாளில் சொன்னார்கள், உதிரிபாகம் மதுரையிலேயே கிடைக்குமா, கதவடியில் எப்போது துரு பிடிக்கிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆரப்பாளையத்து மெக்கானிக் அண்ணனை நம்பினேன்.

விற்ற வண்டியில் ஏதோ ஒரு பாகம் சரியில்லை என்று தெரிந்தால், கம்பெனியே கூப்பிட்டு இலவசமாக மாற்றித் தருவதுதான் ரீகால். அப்பாவுக்கு அந்த வரிசையே பிடிக்கவில்லை.

"ஒழுங்காச் செஞ்சவன் எதுக்குத் திருப்பிக் கூப்பிடுறான்?"

"தப்பு எல்லாரும்தாம்ப்பா செய்றாங்க. எங்க ஃபேக்டரிக்கே பெட்டி பெட்டியாத் திரும்பி வருது. கூப்பிட்டுச் சொல்றவனைத்தான் நம்பலாம்."

ஒப்பிடுவதற்காக எங்கள் வண்டியையும் ஆறாவதாகச் சேர்த்து, அதன் சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டேன். முன்னால் இடப்பக்க ஏர்பேக்கை விரிய வைக்கும் பாகத்தை மாற்ற வேண்டும். வண்டி மோதினால் அது உடைந்து துண்டுகள் ஆள்மேல் தெறிக்கலாம். கடிதம் அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் மாற்றப்படவில்லை.

இடப்பக்கம் அம்மாவின் சீட்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடுதாசி வந்துச்சு" என்றார். அது வண்டியிலேயே இருந்தது. அம்மாவின் முழங்காலுக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டியில், திருநீற்றுப் பொட்டலத்துக்கு அடியில், நாலாக மடித்து.

"ஏம்ப்பா போகலை?"

"போனா உங்க மாமனுக்குத் தெரிஞ்சிரும். கதவைச் சாத்திச் சாத்தி வாங்க வச்சது நான்தானே. என்னன்னு சொல்றது? ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன்."

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வெடியை முன்னாடி வச்சுக்கிட்டு, பெல்ட் போடலைன்னு என்னைத் திட்டுனீங்களாக்கும்!"

"அப்ப மாமா வண்டி?" என்றேன். அப்பா அதுவரை அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. உடனே போனை எடுத்தார்.

"மாப்ள, வண்டியை வெளிய எடுக்காத. ஏர்பேக்ல ஒரு கோளாறு. எனக்கு முன்னமே தெரியும், சொல்லாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அதா மச்சான்? கடுதாசி வந்த வாரமே மாத்திட்டேனே."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீங்க அம்புட்டு பெருமையாச் சொன்ன வண்டி. குத்திக்காட்டுற மாதிரி இருக்குமேன்னுதான் விட்டேன். நீங்களும் மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்." சிரிப்பு நின்றது. "இத்தனை நாளா அக்கா எங்க உக்காந்துச்சு, மச்சான்?"

அப்பா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் அம்மா முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். சர்வீஸ் சென்டர் வரைக்கும் அப்பா சைக்கிள்காரர்களைக்கூட முந்தவில்லை. வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பும்போது அவரே சுற்றி வந்து அம்மா பக்கத்துக் கதவைச் சாத்தினார். டொப் என்றுதான் கேட்டது.

அந்த வருடம் நாங்கள் வண்டியை மாற்றவில்லை. பிறகு மாற்றியபோது என் அட்டவணையில் முதலில் நின்ற வண்டியைத்தான் எடுத்தோம். ஷோரூமில் விற்பனைப் பெண் படிவத்தை நீட்டி அப்பாவின் போன் நம்பரைக் கேட்டாள்.

"ரீகால் வந்தா இந்த நம்பருக்குத்தானே சொல்லுவீங்க?"

"ஆமா சார்."

அப்பா அம்மாவின் நம்பரைச் சொன்னார். அது எழுதப்படும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கக் கதவை ஒருமுறை சாத்திப் பார்த்தார்.