மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டிய விமானம்

எங்கள் வீட்டுக்கு அந்த விமானம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி. அப்பாவின் பனியன் கம்பெனிக்கு ஏஜென்ட் ஒருவர் கூட்டி வந்த வெள்ளைக்காரர், அதை ‘உங்கள் பையனுக்கு’ என்று சொல்லி எடுத்து நீட்டினார். வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான், பெண். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அப்பா யோசித்து முடிப்பதற்குள் பெட்டி என் மடிக்கு வந்துவிட்டது.

முழ நீளம்தான் இருக்கும். சிவப்பு இறக்கை. மூக்கில் கட்டைவிரல் பருமனில் ஒரு நிஜ இன்ஜின். அதற்குப் பெட்ரோல் ஆகாது. சாராய வாடையும் விளக்கெண்ணெய் வாடையும் கலந்து அடிக்கும் தனி எரிபொருள் ஒன்று தகர டப்பாவில் கூடவே வந்திருந்தது. இன்ஜினின் தலையில் உள்ள சிறு கம்பியை டார்ச் பேட்டரியால் கனல வைத்து, விசிறியை விரலால் தட்டிவிட வேண்டும். பிடித்துக்கொண்டால் காது கிழியும். நடுவில் நிற்பவர் இரண்டு நூல்களைக் கையில் பிடித்துத் தானும் சுற்ற, விமானம் அவரைச் சுற்றிப் பறக்கும்.

வெள்ளைக்காரரே கம்பெனி வாசலில் ஓட்டிக் காட்டினார். சலவை செய்த துணிகள் அங்கே கொடிகளில் காய்ந்துகொண்டிருந்தன. எரிந்தும் எரியாத எண்ணெயை விமானம் வழியெல்லாம் தூவிக்கொண்டே போனது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. அவர் கார் கேட்டைத் தாண்டும் வரை அப்பா முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு துணியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். வெள்ளைத் துணி முழுக்க மஞ்சள் புள்ளிகள். துணி மறுபடி சலவைக்குப் போனது. விமானம் பீரோவின் மேல் போனது.

ஏஜென்டுக்கு என் வயதில் ஒரு பையன் இருந்தான். பெண் பிள்ளை இதை வைத்துக்கொண்டு என்ன செய்யும், சும்மா கிடப்பதை என் பையனுக்குக் கொடுங்களேன் என்று அவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னைக் காப்பாற்ற வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் நிட்டிங் மெஷின்களைப் பழுது பார்க்க வருவார். எண்ணெயே வேண்டாம், கரண்டில் ஓட்டிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா எதையும் நிபந்தனையோடுதான் ஒப்புக்கொள்வார். ஆயுத பூஜை வரை தவணை கொடுத்தார்.

“கீழே வெள்ளைத் துணி விரிப்பேன் மாப்பிள்ளை. ஒரு சொட்டு விழுகக் கூடாது, பறக்கவும் பறக்கோணும். இல்லீனா அன்னிக்கே ஏஜென்டு பையங்கிட்டக் குடுத்துருவேன்.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. மூலனூரில் மாமாவுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து, அம்மா வாக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு வருஷமாக இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. “உங்க மாமனைச் சாப்பிடச் சொல்லு” என்பாள் அம்மா, மாமா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே. “உப்புக் கம்மின்னு சொல்லு கண்ணு” என்பார் மாமா. இரண்டையும் நான் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. என் வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஒரு பொறுப்பு கிடையாது.

விமான வேலை ஞாயிறுகளில் நடந்தது. பேட்டரியை விமானம் சுமக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு கம்பம் நட்டு, நூலுக்குப் பதில் மெல்லிய வயர் இரண்டைக் கட்டி, அதன் வழியாகவே கரண்ட் கொடுப்பது என்று திட்டம். ஆனால் விமானம் சுற்றச் சுற்ற வயர் கம்பத்தில் முறுக்கிக்கொள்ளுமே என்று கேட்டேன். மாமாவுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரியும். சுற்றிக்கொண்டே இருக்கும் பாகத்துக்கு வயர் முறுக்காமல் கரண்ட் போவதற்கு, ஒரு பித்தளை வளையமும் அதை உரசியபடி நிற்கும் கார்பன் துண்டும் வைத்திருப்பார்கள். கழித்துப் போட்ட மெஷின் ஒன்றிலிருந்து அவற்றைக் கழற்றி, கம்பத்தின் தலையில் பொருத்தினார். கம்பத்தை ஒரு பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்டோம்.

கனம் குறைந்தால் நன்றாகப் பறக்கும் என்பது எங்கள் இருவரின் அசையாத நம்பிக்கை. இன்ஜினையும் அதன் இரும்புத் தாங்கியையும் கழற்றினோம். எரிபொருள் தொட்டியும் போனது. மூக்கில் மிச்சமிருந்த மரத்தையும் உப்புத்தாள் போட்டு நானே தேய்த்து மெலிதாக்கினேன். கோயம்புத்தூர் பழைய சாமான் கடையில் மாமா வாங்கி வந்த மோட்டார் கைக்குள் அடங்கிவிடும். பொருத்தியதும் விமானத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, “பூவாட்டம் ஆயிருச்சு கண்ணு” என்றார்.

முன்கூட்டி ஓட்டிப் பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை. வேண்டியது கம்பெனி டெம்போவின் பேட்டரி. பண்டிகை நேரத்து லோடுகளில் டெம்போ ஊரிலேயே நிற்கவில்லை. ஆகவே முதல் ஓட்டமே ஆயுத பூஜை அன்றுதான்.

அன்று மெஷின்கள் நின்று, தரை கழுவி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மாமாவின் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் வரிசையாக இருந்தன. பூஜை முடிந்து, கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வாசலில் வட்டமாக உட்கார்ந்து பொரி சாப்பிட்டார்கள். ஏஜென்ட் பையனோடு வந்திருந்தார். பையன் ஒரு துணிப்பையும் கொண்டுவந்திருந்தான். அது எதற்கு என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அப்பா சொன்னபடியே கம்பத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை வட்டமாக விரித்தார்.

ஸ்விட்ச் என் கையில். போட்டேன். விசிறி உறுமியது; விமானம் துணியின் மேல் ஓடியது; சட்டென்று, கொழுந்துக்கு எட்டும் ஆடு போல மூக்கை வானத்துக்குத் தூக்கி நின்று, வாலில் பொத்தென்று உட்கார்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

“அதுக்கும் பொரி போட்டுட்டீங்களாக்கும். தூக்க முடியாம உக்காந்துருச்சுங்களே” என்றார் கட்டிங் மாஸ்டர் பாய். எல்லாரும் சிரித்தார்கள். பையன் பையை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

வாலை வளைத்துப் பார்க்கலாம் என்று மாமா ஸ்குரூ டிரைவரை எடுக்கப் போனார். அம்மா இலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“சாமிகிட்ட வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கோணும்னு உங்க மாமங்கிட்டச் சொல்லு.”

“ஒரே ஒரு ஸ்குரூதான்னு சொல்லு கண்ணு.”

“ஒரு ஸ்குரூவுக்குன்னாலும் சாமி சாமிதான்னு சொல்லு.”

அழுதுகொண்டே இரண்டு பக்கமும் சொன்னேன். ஆயுதம் இல்லாமல் ஆயுத பூஜை அன்று மாட்டிக்கொண்ட மாமா கையைப் பிசைந்தார். அம்மா விமானத்தை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை பேர் கண்ணும் படும் வண்டிக்கு முன்னால் ஒன்றுமே கட்டாமல் விட்டால் எப்படி ஓடும் என்று என்னிடம் கேட்டாள். அப்பாவின் மொபெட்டுக்கு என்று கோத்து வைத்திருந்த சின்ன எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கொண்டுவந்தாள்.

“கனம் தாங்காதுன்னு சொல்லு.”

“தாங்கும்னு சொல்லு.”

விசிறியில் மாட்டாதபடி மிளகாயின் நுனியைக் கிள்ளிவிட்டு, மூக்குக்கு அடியில் அம்மா அதை இறுக்கிக் கட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன்.

கண்ணைத் திறந்தபோது விமானம் காற்றில் இருந்தது. காது கிழிக்கும் சத்தம் இல்லை. மேஜை விசிறியின் ரீங்காரம்தான். புகை இல்லை. சிவப்பு இறக்கை சாய்ந்து சாய்ந்து வட்டமடிக்க, அதன் நிழல் வெள்ளைத் துணியின் மேல் கூடவே ஓடியது. பொரி வாயிலேயே நிற்க, உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் சேர்ந்து திரும்பின. நான் கத்திய கத்தலில் அடுத்த தெரு ஆட்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இறக்கியதும் அப்பா துணியின் மேல் குனிந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார். ஒரு சொட்டு ஈரம். அப்பா மண்டியிட்டு மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

“எலுமிச்சம்பழமுங்க” என்றார் ஏஜென்டிடம், தீர்ப்புச் சொல்வது போல.

அப்போது எழுந்த சிரிப்பில் பையனும் சிரித்தான். அவன் பையை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு சுற்று அவனையும் ஸ்விட்ச் போட விட்டேன்.

அடுத்த ஞாயிறு விமானம் பறந்தது. அதற்கடுத்த ஞாயிறு மறுபடி மூக்கைத் தூக்கியது. பழம் சுருங்கிக் கறுத்திருந்தது. மாமா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். தானே சிரித்துக்கொண்டார். பிறகு அடுப்படி வாசலுக்குப் போனார். நான் சேதி வாங்கத் தயாராகப் பின்னால் நின்றேன்.

“அக்கா, பழம் வாடிப் போச்சுங்க்கா” என்றார்.

அம்மா கரண்டியை வைத்தாள். திரும்பாமலே, “போன வாரமே கேட்டிருந்தா மாத்தித் தந்திருப்பனல்லடா” என்றாள்.

நான் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. என் வேலை போய்விட்டது என்பது மட்டும் புரிந்து, கோபமாக வந்தது.

புதுப் பழம் கட்டியதும் பறந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கண் திருஷ்டிதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் விளக்கினேன். இன்ஜினைக் கழற்றியதில் மூக்கு கனம் இழந்து வால் பாரமாகிவிட்டது, அதைத்தான் பழம் சரிக்கட்டியது என்பதை, பல வருஷம் கழித்துக் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அது அந்த ஞாயிறே தெரிந்திருக்கிறது. ஏனென்றால் பிறகு ஒருநாள் அவர் ஒரு கையில் பழத்தையும் மறு கையில் ஓர் இரும்பு நட்டையும் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரும்பும் திருஷ்டிக்கு ஆகும்தானே, அதையே கட்டிவிடலாமே மாமா, வாராவாரம் அம்மாவிடம் போய் நிற்க வேண்டாமே என்றேன்.

அடுப்படியில் அம்மா அவருக்கென்று ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். மாமா நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேண்டாம் கண்ணு. துருப் பிடிச்சுப் போயிரும்” என்றார்.

மெஷின் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று இருந்தது அந்த நட்டு. இருந்தாலும் அவர் சொன்னது எனக்குச் சரியான காரணமாகவே பட்டது.