தொப்பியோடு மறியலுக்குப் போனவன்

இந்த நவம்பர் மூன்றாம் தேதி, காலை எட்டேகால் மணி. விருத்தாசலத்தில் மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் நாற்காலி நானூறு, ஆள் அறுபது. கிளம்பும்போது கையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார்கள். எலுமிச்சை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த வாசனை என்னைப் பீங்கான் பேட்டைப் பக்கம் இருந்த இன்னொரு மண்டபத்துக்கு, 2004க்கு, இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் ஒரு வேளாண் கல்லூரியில் வாத்தியார். இளங்கலை இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒரு பருவம் கிராமத்தில், விவசாயிகள் வீட்டிலேயே தங்கிப் படிப்பார்கள். அவர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தருவது என் வேலை. வாரம் ஒருவர் தலைவர். மற்றவர்கள் அவர் சொன்னதைக் கேட்கவேண்டும். ஏழு விதிகள் எழுதிக் கொடுத்திருந்தேன். தலைவர் தன் ஆட்களை விட்டுவிட்டு ஒதுங்கக்கூடாது என்பது முதல் விதி. களத்தில் கல்லூரித் தொப்பி இல்லாமல் நிற்கக்கூடாது என்பது ஏழாவது. அது வெயிலுக்காக எழுதியது.

அந்த வருடம் கிராமத்துக்கு வந்த பத்தொன்பது பேரில் அன்பழகன் வாயே திறக்கமாட்டான். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் கூலி வேலை செய்பவரின் மகன். தலைவரான முதல் நாள், "தண்ணி பாய்ச்சலாங்களா?" என்று கூட்டாளிகளைக் கேட்டான்.

"தலைவரே, எங்களுக்கு எதுக்குடா 'ங்க' போடற?" என்று சிரித்தார்கள்.

அந்த வாரம்தான் கருவேப்பிலங்குறிச்சியில் சாலை மறியல். வெட்டி அனுப்பிய கரும்புக்கு ஆலை இரண்டு பருவமாகப் பணம் தரவில்லை. அன்பழகன் தங்கியிருந்த வீட்டுக்காரரும் போய் உட்கார்ந்தார். இவனும் போனான். கோஷம் போடவில்லை. நான் வகுப்பில் சொன்னபடியே ஆட்களைப் பிரித்தான். வயதானவர்கள் நிழலில், தண்ணீர் கொடுக்க நாலு பேர், ஆம்புலன்ஸுக்கு வழிவிட இரண்டு பேர். தலையில் தொப்பி.

மதியம் எல்லோரையும் வேனில் ஏற்றி அந்த மண்டபத்தில் அடைத்தார்கள். நான் ஓடினேன்.

"உங்க பையனா சார்? மறியல்ல வரிச கட்டி உக்காந்தத இப்பதான் பாக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்காரர் போலீஸ் கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாத்தியாரே, முழு மார்க்கு போட்டுடுங்க. எங்க பணம் வருதோ இல்லியோ, புள்ளயாவது பாஸாவட்டும்" என்றார்.

"உன்ன யாருடா வரச்சொன்னது?" என்று இவனிடம் பாய்ந்தேன்.

சாதக் கையோடு எழுந்து நின்றான். "இந்த வாரம் நான்தான சார் தலைவரு? சோறு போடறவரு ரோட்டுல உக்காந்திருக்காரு. நான் வயல்ல நின்னு குறிப்பெடுத்துகினு இருக்கறதா?"

மனதுக்குள் மார்க் போட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சாப்பாட்டிலிருந்து எழுந்ததற்கு நாலு குறைத்தேன்.

மறுநாள் பேப்பரில் படம். தொப்பியில் கல்லூரிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கல்லூரி விசாரணையில் ஐந்து பேர் உட்கார்ந்து, "தூண்டியது யார்?" என்றார்கள். ஏழு விதிகளையும் எடுத்து வைத்து, "நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தான்" என்றேன். அவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரையுமே தண்டித்தார்கள். அவனைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள்.

பெட்டியைத் தூக்க அவன் அப்பா வந்தார். "இன்னும் நாலு மாசந்தானுங்களே சார், படிப்பு முடிய?" என்று கேட்டார். மங்கலம்பேட்டை ஏஜென்ட் ஒருவர் மூலமாக அன்பழகன் வளைகுடாவுக்கு, பேரீச்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனான். திரும்பி வந்து பட்டத்தை முடிக்கவே இல்லை.

மற்ற பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் வங்கியில், ஏழு பேர் பூச்சிமருந்துக் கம்பெனியில். அந்த ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரரின் கரும்புக்கொல்லையில் இப்போது மனைக்கற்கள். முப்பத்திரண்டு வரை எண்ணினேன், அப்புறம் கால் வலித்தது. தலைமைப் பண்பை இப்போது அறைக்குள் திரையில் படம் காட்டி நடத்துகிறார்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அன்றைய தண்டனையில் எனக்கு நின்றுபோனது ஒரே ஒரு ஊதிய உயர்வு. ஓய்வூதியத்தில் விழுந்த துண்டையும் சேர்த்து, போன மாதம்வரை எனக்கு நஷ்டம் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.