ஆறாவது தட்டு

பள்ளிவாசலில் மாலை பாங்கு ஒலிக்கும்போது மனோன்மணி வாய் கழுவி முடித்திருப்பாள். நாற்பது வருடமாக அப்படித்தான். சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் அன்னம் தொடுவதில்லை என்று பத்தொன்பது வயதில் ஜினாலயத்தில் விரதம் ஏற்றவள். கடிகாரம் நின்றுபோகும், மேகம் ஏமாற்றும், பாங்கு ஏமாற்றாது என்பாள். ஆரணியில் அவள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால்தான் பள்ளிவாசல்.

அந்த விரதம்தான் அவளுக்குச் சோறு போட்டது. புருஷன் போனபின் சமையலுக்குப் போனாள். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராத சமையலை எந்தப் பெண்ணும் செய்வாள். ஆனால் எட்டு நாள் உபவாசம் இருந்தவர்கள் விரதத்தை முடிக்கும் அன்று, அந்த முதல் கவளத்தைச் சமைக்க மனோன்மணிதான் வரவேண்டும் என்று வந்தவாசி வரைக்கும் பேச்சு இருந்தது. அவ்வளவு சுத்தம். தன் சுத்தத்தைவிட அடுத்தவர்களின் அசுத்தத்தில் அவளுக்கு ருசி அதிகம்.

பதினைந்து வருடத்துக்கு முன் வந்தவாசிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிச் சமைக்கப் போயிருந்தாள். எடுபிடிக்குத் திரிசலா என்று ஒரு பெண், அவளும் நயினார் வீட்டில் பிறந்தவள்தான். கைக்குழந்தைக்காரி. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படிக்கு வந்தவள், அந்தியில் விளக்கேற்றியபின் சாமான் அறையில் நின்று இரண்டு வாய் தயிர்சோறு தின்றிருந்தாள். மனோன்மணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அந்தக் கையை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தாள்.

"தயிர் வாடை."

"இன்னும் வெளிச்சம் இருக்குதுன்னு இந்த வீட்டு அம்மாதான் சொன்னாங்கக்கா. அதான்..."

"யார் சொன்னா இன்னாடீ? கை யாருது?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். அதன்பின் எந்த நயினார் வீட்டு அடுப்படியிலும் திரிசலாவைச் சேர்க்கவில்லை. மனோன்மணி அந்தக் கதையைப் பல விசேஷங்களில் சொன்னாள். சொல்லும்போது தன் கையையே தூக்கி மோந்து காட்டுவாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது. அவளைக் கூப்பிடும் வீடுகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டன. மிச்சமிருந்த ஒரு வீடும் தை பிறந்தால் காலி. இந்த நேரத்தில்தான் பட்டு வியாபாரி தமிழ்வாணன் ஆள் அனுப்பினார்.

பட்டு எடுக்க வரும் மார்வாடி சேட்டுகளுக்கு ஊரில் கௌரவமாக உட்கார்ந்து சாப்பிட இடமில்லை என்று வேலூர் சாலையில் ஒரு சைவ உணவகம் கட்டியிருந்தார் அவர். சமணச் சாப்பாடு தனியாக உண்டு. அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

"ஏழு தட்டு வரும்மா. ஒவ்வொண்ணா சாப்பிட்டு, இது சுத்தம்னு வீடியோல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புடிச்சிருந்தா ஒண்ணாந்தேதியிலேருந்து கிச்சன் உங்க மேற்பார்வை. பின்னாடியே ரூம் இருக்குது, தங்கிக்கலாம்" என்றார் தமிழ்வாணன்.

மார்கழி மாதம். நாலரைக்குப் போய்விட்டாள். நல்ல சாப்பாடு காத்திருக்கிறது என்று மத்தியானம் சாப்பிடவில்லை.

உள்ளே குளிர்ந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது கௌரவமில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல. இரட்டைக் கண்ணாடி போட்டு, அதன்மேல் தரைவரை பட்டுத் திரை. விருந்தாளிகள் நேரம் பார்க்கக்கூடாதென்று சுவரில் கடிகாரமும் இல்லை. மேசைமேல் பை இருந்தால் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று வீடியோ எடுக்க வந்த கிரண் அதை வாங்கி வாசல் மேசையில் வைத்துவிட்டார். போன் அதற்குள் இருந்தது.

முதல் தட்டைக் கொண்டுவந்தவள் திரிசலா.

மனோன்மணிக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டு, தலையில் குல்லாய், கையில் கடிகாரம்.

"இன்னாடீ, நீ இங்கியா?"

"ஆறு மாசமா நான்தான்கா இங்க சமையல்."

"கை கழுவினியா?"

"கழுவினேன்கா. மோந்து பாக்கறீங்களா?"

தமிழ்வாணன் சிரித்தார். பழைய பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளைத் தட்டு. நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ இருந்தது. மனோன்மணி குனிந்து பார்த்தாள்.

"கழுவும்போது ஒட்டினு இருந்ததை எடுக்க மறந்துட்டாங்களா?"

"அம்மா, இது ஃபைன் டைனிங். வயிறு ரொப்பறதுக்கு இல்ல" என்றார் தமிழ்வாணன்.

"அப்புறம் எதுக்கு?"

"அனுபவத்துக்கு."

அனுபவம் வாயில் வைத்ததும் கரைந்து போனது. இரண்டாவது தட்டில் கட்டைவிரல் அளவு இட்லி. மூன்றாவதில் கருங்கல் பலகைமேல் ஒரு துண்டு வாழைக்காய். மண்ணுக்குள் விளையும் பச்சை இஞ்சி ஆகாதே, போட்டாயா என்று கேட்டாள்; சுக்குதான்கா என்றாள் திரிசலா. ஒவ்வொரு தட்டுக்கும் கிரண் விளக்கை நகர்த்தினார், அவளை மறுபடி சிரிக்கச் சொன்னார். பசி அடங்குவதற்குப் பதிலாகக் கிளம்பிவிட்டது. ஐந்தாவது தட்டுக்குப்பின் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தமிழ்வாணன் யாரோ சேட்டோடு பேசப் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆறாவது தட்டு கொஞ்சம் பெரியது. சூடான சோறு, அதன்மேல் மிளகு அரைத்து ஊற்றிய பொரித்த குழம்பு. வாசனையிலேயே தெரிந்தது, அது அவளுடைய குழம்பு. அந்த வந்தவாசி அடுப்படியில் நின்று பார்த்தே திரிசலா கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மனோன்மணி கையை நீட்டி, நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. காதைத் தீட்டினாள். ஏசியின் ஓசைதான் கேட்டது. கிரணைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு என்ன தெரியும்? நயினார் வீட்டில் பிறந்த ஒருத்தி எதில் பொய் சொன்னாலும் இதில் சொல்லமாட்டாள்.

"திரிசலா, பாங்கு சொல்லிட்டாங்களாடீ?"

திரிசலா நிதானமாக மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் இல்லக்கா. இருபது நிமிஷம் கெடக்குது. நல்லா பிசைஞ்சு சாப்பிடுங்க."

சாப்பிட்டாள். தட்டை வழித்தாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். ஏழாவதாக வந்த பாயசத்தைக் குடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்து, "இது சுத்தமான சாப்பாடு. நானே சமைச்ச மாதிரி இருக்குது" என்றாள். திரும்பி வந்த தமிழ்வாணன் கைதட்டினார்.

"ஒண்ணாந்தேதி வந்துடுங்கம்மா."

மனோன்மணி சந்தோஷமாக எழுந்தாள். பையைக்கூட எடுக்காமல் கதவைத் தள்ளினாள்.

வெளியே இருட்டு. கும்மிருட்டு. சாலையில் செய்யார் கம்பெனி பஸ் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு போனது.

"வேலு, மணி இன்னாப்பா?" வாசல் காவலாளியின் பெயர் அது, வரும்போதே கேட்டு வைத்திருந்தாள்.

"ஆறே முக்காலும்மா."

"பாங்கு?"

"அது அப்பவே சொல்லிட்டாங்களே. முக்கா மணி இருக்கும்."

மனோன்மணி செடித்தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து, இரண்டு விரலையும் தொண்டைக்குள் விட்டாள். கொஞ்சம் சோறும் மிளகும் வந்தது. மறுபடி விட்டாள்.

"சாப்பாடு சேரலியாம்மா?" என்றான் வேலு.

திரிசலா பையையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். வேலுவை வெளி கேட் பக்கம் போகச் சொன்னாள்.

"ஏன்டீ இப்படிப் பண்ண?"

"பசிச்சுது இல்ல உங்களுக்கு? எனக்கும் அன்னைக்குப் பசிச்சுது."

"ஆலயத்துல போயி சொல்லிடுவேன். நீதான் பொய் சொன்னேன்னு."

"சொல்லுங்க. யார் சொன்னா இன்னாக்கா? கை யாருது?"

திரிசலா அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். மோந்து பார்ப்பாள் என்று மனோன்மணி நினைத்தாள். பார்க்கவில்லை. பாட்டிலைத் திறந்து, குழந்தைக்குச் செய்வதுபோல விரல் விரலாகக் கழுவிவிட்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா. ஒண்ணாந்தேதி வந்துடுங்க."

அறியாமல் செய்த பிழைக்குப் பரிகாரம் உண்டு. பெரியவர்களிடம் சொன்னால் இரண்டு உபவாசம், கொஞ்சம் ஜெபம், அதோடு முடிந்துவிடும். மனோன்மணிக்கு அது தெரியும். பலருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வீடியோ, இந்த வேலை, பின்னாலிருக்கும் அறை, எதுவும் இல்லை. நாலு நாள் ஜினாலயத்து வாசல்வரை போய்த் திரும்பினாள். ஐந்தாம் நாள் துணிமணியை மூட்டை கட்டினாள்.

இப்போது அவளுக்கு உணவகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. மேற்பார்வை என்று பெயர். அடுப்பைத் தொடுவதில்லை, திரிசலா விடுவதில்லை. தினமும் விளக்கேற்றியபின் சேட்டுகள் குடும்பத்தோடு வருவார்கள். திரிசலா அவள் தோளைத் தொட்டு எழுப்பி மேசை மேசையாக அழைத்துப் போவாள்.

"இவங்கதாங்க எங்க மனோன்மணி அக்கா. நாப்பது வருஷமா பொழுது போனப்புறம் ஒரு பருக்கை உள்ள போனதில்ல. கேட்டுப் பாருங்க. அப்படித்தானேக்கா?"

வயதான சேட்டம்மாக்கள் சிலர் எழுந்து அவள் காலைத் தொடுவார்கள். திரிசலா பதிலுக்குக் காத்திருப்பாள். அவசரமே படமாட்டாள்.

"ஆமா" என்பாள் மனோன்மணி.

"சத்தமா சொல்லுங்கக்கா. பாட்டிக்குக் காது கேக்கல."