கூட்டிச் சொன்ன மூன்று இஞ்சு

அவனுடைய மோட்டார் சைக்கிள் கரமனைப் பாலத்தைத் தாண்டி வருகிற சத்தம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு இலை வரைக்கும் கேட்கும். முதலில் சாதாரணமாகத்தான் வரும். பாலத்தின் நடுவில் எங்கேயோ திடீரென்று தொண்டை திறந்துகொண்டதுபோல ஒரு சீறலோடு ஏறும். என் அப்பா பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "அவனுக்குக் கை உண்டும்டே" என்பார். அதே மாடல் வண்டி எனக்கும் இருந்தது, அவனுடையதைவிட இரண்டு வருடம் புதியதும்கூட. வாசலில் கழுவித் துடைத்து நிற்கும். அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்காது.

எண்பதுகள் தொடங்கிய சமயம். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. நான் பாலிடெக்னிக் முடித்து ஓர் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். அவன் பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அவன் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் தையல் கடை. மகனுக்குத் துணி ஒத்துவரவில்லை. அதே கடைத்தெருவில் ஒரு தகரக் கடையில் சேர்ந்து மண்ணெண்ணெய்ப் புனலும் எண்ணெய் அளக்கும் குவளையும் செய்துகொண்டிருந்தான். பக்கத்துப் பட்டறையில் நின்று நின்றே காஸ் வெல்டிங்கும் கற்றுக்கொண்டுவிட்டான். யாரும் சொல்லிக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதையும் யாராவது சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அந்தச் சீறலுக்குக் காரணம் அவன் செய்து மாட்டியிருந்த சைலன்ஸர். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குக் கம்பெனி கொடுக்கிற சைலன்ஸர் சத்தத்தை அடக்குவதோடு சரி. பந்தயக்காரர்கள் போடுவது வேறு. எஞ்சினிலிருந்து ஒல்லியாகக் கிளம்பி, புனல்போல விரிந்து, நடுவில் பெருத்து, மறுபடி இன்னொரு புனலாகக் குறுகி, மெல்லிய வால் ஒன்றில் முடியும். எரிந்த புகை அந்த இரண்டாவது புனலில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோலை எஞ்சினுக்குள்ளேயே தள்ளிவிடும். அது சரியாக நடக்கிற வேகத்தை வண்டி தொட்டுவிட்டால், ஓட்டுகிறவன் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த வேகத்தில் நடக்கும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது.

இதெல்லாம் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இருந்தது. சூத்திரமும் படமும் அதிலேயே இருந்தன. இந்த ஊரில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு மாதம் மிதப்பில் திரிந்தேன். பிறகு அவனிடம் போய்ச் சொன்னேன். நட்பெல்லாம் காரணமில்லை. தகட்டைப் புனலாக வளைக்க எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

புனலை விரித்தால் தகட்டில் என்ன வடிவம் வரும் என்று நான் காம்பஸும் லாக் டேபிளுமாக இரண்டு நாள் மல்லுக்கட்டியிருந்தேன். அவன் ஒரு பழைய மலையாளப் பத்திரிகையை எடுத்து மடித்து, அவன் அப்பா குடைவெட்டுப் பாவாடைக்குத் துணி வெட்டுவதைப்போல ஒரே வெட்டு வெட்டி, சுருட்டிக் காட்டினான். புனல். என் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூலளவும் பிசகவில்லை. "நீ போட்டதும் இதேதானே" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

எஞ்சினை ஒட்டிய குழாயை வளைக்க ஆற்று மணலைக் காயவைத்து உள்ளே இடித்து நிரப்பி, சூடாக்கி வளைத்தான். எங்கும் நசுங்கவில்லை. மாட்டிய பிறகு குழாய் முழுக்க மலிவு பெயிண்டைப் பூசிக்கொண்டு பாலராமபுரம் வரை ஓட்டிப்போய் வந்தான். பெயிண்ட் எங்கே கருகியிருக்கிறது, எங்கே தப்பியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, வாலில் ஒரு விரற்கடை வெட்டினான். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பான். மறுநாள் வண்டி பறந்தது.

எனக்கு வீம்பு வந்தது. என் வண்டிக்கான குழாயை நானே செய்வேன் என்று சொல்லிச் செய்தேன். கோணல்மாணலாக ஒட்டியதில் நீளம் கணக்கைவிடக் கூடிப் போயிற்று. சங்குமுகம் ரோட்டில், கடற்காற்றில், நீண்டு நேராகக் கிடக்கிற அந்த ரோட்டில், என் வண்டி வயசான எருமைபோல முக்கிக்கொண்டு போயிற்று. அவன் என்னைத் தாண்டிப்போய், திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து என்னோடு சேர்ந்து ஓட்டினான். அப்படிக் குறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் அப்பாவின் தையல் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டேப் பிடித்தவர் அளவைச் சத்தமாகச் சொல்வார், மற்றவர் அதை எழுதிக்கொண்டு வெட்டுவார். சொன்ன அளவை மறுபடி கேட்கக் கூடாது, சரிபார்க்கவும் கூடாது. கேட்டால் டேப் பிடித்தவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். அவன் அந்த வழக்கத்தைத் தகரத்துக்கும் கொண்டுவந்திருந்தான். என் கணக்குக் காகிதத்தை அவன் ஏறிட்டும் பார்க்க மாட்டான். நான் சொல்வேன், அவன் வெட்டுவான்.

அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். பந்தய வண்டிகள் தயார் செய்கிற பட்டறை அவருக்கு அங்கே இருந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு வேலையாக இங்கே வந்தவர், தகரக் கடைக்கே வந்து அவன் வண்டியை ஓட்டிப் பார்த்தார். தன் வண்டியின் எஞ்சின் அளவுகளை எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு குழாய் செய்து வைக்கச் சொன்னார். மாதக் கடைசியில் வண்டியோடு வந்து பொன்முடி மலைமேல் ஓட்டிப் பார்ப்பதாகவும், பிடித்துப்போனால் அவனைத் தன் பட்டறையிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு வருடமாக ஒரே மூலையில் உட்கார்ந்து புனல் செய்தவன் அவன். செய்தியை முதலில் என்னிடம்தான் வந்து சொன்னான். "இது மட்டும் கிட்டிச்சுன்னா மக்கா, எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்" என்றான். ரொம்ப சந்தோஷம் என்று தோளில் தட்டினேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது. பத்திரிகை யாருடையது? சூத்திரம் யாருடையது? என் பெயரை அந்த மனிதர் கேட்கக்கூட இல்லை. நான் பென்ஷன் வாங்குகிற வரை அலுவலகத்தில் மதகுக்கும் ஓடைக்கும் கோடு போட்டுக்கொண்டிருப்பேன், இவன் பந்தய வண்டிகளுக்கு நடுவில் நிற்பான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரக் கடையின் பின்பக்கம் தகட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதற்கு முன்பே கணக்கை மூன்று முறை போட்டிருந்தேன். மூன்று முறையும் குழாயின் நீளம் முப்பத்தாறு இஞ்சுதான் வந்தது. அவன் கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சொல்லுடே" என்றான்.

"முப்பத்தொன்பது" என்றேன்.

வாய் தவறி வந்ததில்லை. நீளம் கூடினால் வண்டி என்ன ஆகும் என்று சங்குமுகம் ரோட்டில் பார்த்தவன் நான். அவன் குறித்துக்கொண்டு வெட்டினான். குற்ற உணர்ச்சியில் தூக்கம் வராமல் புரண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

மாதக் கடைசியில் அவர் வண்டியோடு வந்தார். மலை அடிவாரத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். குழாயை மாட்டி, அவர் முதலில் சமதள ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். முகம் சுரத்தாக இல்லை. மேல் வேகத்தில் இழுவை கொஞ்சம் கம்மி என்றார். அவன் முகம் பொசுக்கென்று வாடிவிட்டது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வந்ததுதான் வந்தோம், ஏறிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மலைமேல் கிளம்பினார்.

நாங்கள் கீழேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பொன்முடி ரோடு கொண்டை ஊசி வளைவாகப் போகிறது. அவனுடைய பழைய குழாய் என்றால் ஒவ்வொரு வளைவிலும் சத்தம் விழுந்து, திணறி, மறுபடி எழும். இது திணறவில்லை. வளைவில் தணிந்த சத்தம் தணிந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டு ஏறியது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீளம் கூடினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும். நேர் ரோட்டில் அது நஷ்டம். மலையில் வேண்டியதே அதுதான். நான் படித்த பத்திரிகையில் இதுவும் இருந்தது. எருமைபோலப் போகிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மிச்சத்தை நான் மறந்துவிட்டிருந்தேன்.

இறங்கி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். "இந்த நீளம் ஆரு கணக்குப் போட்டதுங்க? நான் ரெண்டு வருஷமா மலைக்குக் குட்டையாவே வெட்டிக் கெடுத்துட்டிருக்கேன்" என்றார்.

அவன் கொஞ்சம்கூட யோசிக்காமல் என்னைக் கை காட்டினான். கணக்கெல்லாம் இவன்தான் என்றான்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "சூத்திரப்படி முப்பத்தாறுதான் சார். மலைக்குன்னு யோசிச்சு நான்தான் மூணு இஞ்சு கூட்டினேன்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. என்னையும் கூப்பிடுவார் என்று ஒரு நப்பாசை. அவர் நல்ல மூளை என்று தலையாட்டினார். பிறகு அவன் பக்கம் திரும்பி, ஒட்டின இடத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "கணக்குப் போட எங்கிட்ட ஆள் இருக்குதுங்க. இந்த மாதிரி கை இல்லை. எப்ப வர்றீங்க?"

அன்று முதல் என் பொறாமைக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. அவனைக் கெடுக்க நான் சொன்ன அளவு அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது. அது கெடுக்கச் சொன்னது என்று வெளியில் சொல்லவும் வழியில்லை. அவனோ என் மூளையைப் பற்றிச் சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். என் அப்பா காதுக்கும் அது போய், முதல்முறையாக என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார். எத்தனையோ நாள் ஏங்கிய பார்வை. அதை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

அவன் கிளம்பிய அன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மத்தியான நேரம். ஒரு டிரங்குப் பெட்டியும், தகடு தட்டுகிற மரச் சுத்தியலும் வைத்திருந்தான். என்னையும் சேர்த்துக்கொள்ளும்படி அந்த மனிதரிடம் இரண்டு கடிதம் எழுதியதாகவும், அவர் மசியவில்லை என்றும் சொன்னான். ஏதோ தப்புச் செய்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கண்டக்டர் எல்லோரையும் ஏறச் சொன்னார். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நீ முப்பத்தொன்பதுன்னு சொன்னேல்லா, கூடுதலா இருக்கேன்னு எனக்கு அப்பமே தெரியும்டே. தகட்டப் பாத்ததுமே கை சொல்லிட்டு. ஆனா நீல்லா சொல்லுத. நீ சொன்னா அதுல ஒரு காரியம் இருக்கும்னு வெட்டிட்டேன்" என்றான்.

பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவன் வண்டிக்கு, அவன் கைக்கு, அவன் வேலைக்கு என்று எத்தனையோ பொறாமைப்பட்டிருக்கிறேன். அளவு கூடுதல் என்று தன் கையே எச்சரித்தும், இன்னொருவன் வார்த்தையை நம்பி ஒருவனால் வெட்ட முடிகிறதே, அதற்குப் பட்ட பொறாமை அதுவரை பட்ட எல்லாவற்றையும்விடப் பெரியது. எனக்கு இன்று வரை யாரையும் அப்படி நம்ப வந்ததில்லை.